கயிற்றுப் பாட்டு

ஜனவரி 7, 1822

ஆலங்கட்டி மழை. வடமேற்குக் காற்று. மாடு இன்னும் கன்று போடவில்லை.

புதுப் போதகர் டென்மார்க்கிலிருந்து வந்தவர். ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் எங்கள் கிராவிக் ஊருக்குப் படகில் வருவார். மற்ற ஞாயிறுகளில் தேவாலயத்தில் பிரசங்கத்தை வாசிப்பவன் நான். "ஊரில் நடப்பதைக் குறித்து வை ஹெய்னி, உங்கள் வழக்கங்கள் எனக்குப் புரியவில்லை" என்று இந்த நோட்டைக் கொடுத்திருக்கிறார். அவருக்கு வேண்டியதைத் தனியாகப் பெயர்த்தெழுதிக் கொடுத்துவிட்டு இதை நானே வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.

நேற்று பண்டிகையின் பதின்மூன்றாம் நாள் ஆட்டம். எங்கள் ஃபேரோ தீவுகளில் பிடிலும் மேளமும் கிடையாது. கைகோத்து வட்டமாக நிற்போம். ஒருவர் பாட்டை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பல்லவியைப் பிடிப்போம், கால்கள் பலகைத் தரையில் தாளம் போடும். நூறு கண்ணி, இருநூறு கண்ணி என்று பழைய ராஜாக்களின் சண்டைகளைப் பாடி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிடும்.

நேற்று எல்ஸ்பா ஒரு புதுப் பாட்டு கொண்டுவந்தாள். எல்ஸ்பா, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ராஜாவின் நிலத்தைக் குத்தகைக்கு உழும் மிக்யாலின் மனைவி. விதவை என்று எழுத வேண்டும். மூன்று மாதமாகியும் கைக்குப் பழகவில்லை. பாட்டுக் கட்டுவதில் இந்தத் தீவில் அவளுக்கு இணை இல்லை. ஆனால் துக்கத்தில் இருப்பவள் ஆட்டத்துக்கு வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கறுப்பு முக்காடோடு வந்து வட்டத்தில் நின்றாள். பல்லவி இது:

கதவைத் திறங்க, கடல் வந்து நிக்குது,
கையில இருக்குற கயித்தக் குடுங்க.

மொத்தம் எழுபத்திரண்டு கண்ணிகள். எல்லாம் அக்டோபர் இரண்டாம் தேதியைப் பற்றி. அன்று ஆறு பேர் சாகரிஸின் படகில் துடுப்புப் போட மறுத்துவிட்டு, சொந்தப் படகில் மீன்பிடிக்கப் போனார்கள். திரும்பும்போது புயல். எங்கள் கரை ஒரு பாறை இடுக்கு. அலை பெரிதானால் மேலிருந்து நீளக் கயிறு போட்டுத்தான் இழுக்க முடியும். அந்தக் கயிறு சாகரிஸின் படகுக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. எல்ஸ்பா கோடரியால் கதவைப் பிளந்து கயிற்றைக் கொண்டுவந்தபோது படகு கவிழ்ந்திருந்தது. நான்கு பேரை இழுத்தோம். மிக்யாலும் ஓலவூரும் போய்விட்டார்கள்.

சாவி தன் வேலையாளிடம் இருந்தது, அவன் அக்கரை ஊருக்குப் போயிருந்தான் என்பது அன்றிலிருந்து சாகரிஸ் சொல்லும் பதில். சாவி ஊரிலேயே இருந்தது என்கிறது பாட்டு. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ஊரிலேயே பெரிய விவசாயி, தேவாலயத்தின் மேற்பார்வையாளர், நான் குடியிருக்கும் வீடும் அவருடையது. தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

நான் முப்பதாவது கண்ணி வரை ஆடினேன். மாட்டைப் பார்க்க வேண்டியிருந்தது. வந்துவிட்டேன்.

ஜனவரி 8

மாடு கன்று போட்டது. கிடாரி.

ஜனவரி 20, ஞாயிறு

பிரசங்கம் வாசித்தேன். டேனிஷ் மொழியில் பொறுமையைப் பற்றிப் பத்துப் பக்கம். வெளியே வந்ததும் கல்சுவர் ஓரத்தில் பெண்கள் நான்கு பேர் பல்லவியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துத் தீவிலிருந்து ஆட்டுக்கடா வாங்க வந்தவன், அங்கேயும் அதே பாட்டுதான் என்றான். இரண்டு வாரத்தில் கடலைத் தாண்டிவிட்டது.

தேவாலயக் கூரைக்கு வாங்கிய பலகைகளைப் பார்த்துவிட்டு வரலாமே என்றாள் மரின். என் மனைவிக்குக் கூரை ஒழுகுவது பிடிக்காது. பலகைகள் சாகரிஸின் கொட்டகையில் இருக்கின்றன. வெயில் காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பிப்ரவரி 3

சாகரிஸ் வந்தார். நீதிபதியிடம் இரண்டு புகார் கொடுத்திருக்கிறாராம். ஒன்று, பாட்டால் வந்த அவதூறு. இன்னொன்று, கதவை உடைத்தது. கோடரி வெட்டு விழுந்த பூட்டைக் கழற்றிச் சாட்சிக்காகப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

"தண்டனை விழுந்தா அந்தக் குத்தகை நிலம் அவகிட்ட இருக்காது. முப்பத்தொம்பது வயசுல யாரு வீட்லயாவது பாத்திரம் தேய்க்கப் போவா. அப்பப் பாட்டுக் கட்டட்டும்."

கன்றுக்குச் சளி பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 14

நீதிபதியிடமிருந்து கடிதம். அந்தப் பாடல், பாடப்பட்ட அதே சொற்களில் எழுத்தில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். பக்கத்தில் டேனிஷ் மொழிபெயர்ப்பு இருக்க வேண்டும். ஊரின் தேவாலய வாசகர் அதை எழுத வேண்டும்.

மூன்று முறை படித்தேன். எங்கள் பேச்சை இந்த ஊரில் யாரும் எழுதியதில்லை. வேதம் டேனிஷ், சட்டம் டேனிஷ், கல்லறைக் கல்லும் டேனிஷ். மாட்டோடும் குழந்தையோடும் சண்டைக்காரனோடும்தான் நாங்கள் சொந்தப் பேச்சில் பேசுகிறோம். அதற்கு எழுத்துக்கூட்டல் யார் வைத்தது?

பிப்ரவரி 16

எல்ஸ்பா வீட்டுக்குப் போனேன். கம்பளி நூல் முறுக்கிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் முதல் கண்ணியைச் சொன்னாள். எழுதினேன். வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"நான் சொன்னது இது இல்ல ஹெய்னி. அந்தச் சொல்லுக்கு நீ ஞாயித்துக்கிழமைச் சட்டை போட்டு நிக்க வச்சிட்ட."

"இந்தச் சத்தத்துக்கு டேனிஷ்ல எழுத்து இல்ல."

"அப்ப எழுத்தை மாத்து. சத்தத்தை மாத்தாத."

அடித்து எழுதினேன். மறுபடி அடித்தேன். மதியம் வரை இரண்டு கண்ணி. ஆனால் இரண்டாவதை நான் வாசித்தபோது அவள் கை நின்றது.

ஆறு பேர் போனாங்க அதிகாலைத் துடுப்போட,
ஆறு பேர் திரும்பினாங்க அலையோட அலையாக;
கரைக்கும் படகுக்கும் கூப்பிடு தூரம்,
கயித்துக்கும் கைக்கும் கதவொண்ணு தூரம்.

"ஆமா, இது நான் சொன்னது," என்றாள். பிறகு காகிதத்தை வாங்கி, தலைகீழாகவே பிடித்து, வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

பிப்ரவரி 19

தவக்காலத்துக்கு முந்தின ஆட்டம். நான் போகவில்லை. பாட்டு சுவர் வழியாக வந்தது.

பிப்ரவரி 23

இருபத்தெட்டுக் கண்ணிகள் ஆகிவிட்டன. பாட்டுக் கட்டியவரின் வாழ்க்கை விவரமும் நீதிமன்றத்துக்கு வேண்டும். கேட்டு எழுதினேன்.

பிறந்தது 1783, வடக்கே ஒரு சின்னத் தீவில். அம்மா பண்ணை வேலைக்காரி. மாலையில் கம்பளி சிக்கெடுக்கும் அறையில் பெரியவர்கள் பாடக் கேட்டுக் கேட்டுப் பன்னிரண்டு வயதுக்குள் எண்பது பாட்டு மனப்பாடம். பதினைந்து வயதில் தோர்ஷாவன் நகரத்தில் ஒரு வியாபாரி வீட்டில் வேலை. அங்கே எசமானி, எங்கள் பேச்சைப் பேசினால் சமையலறையில் சாப்பாடு கிடையாது என்றாளாம்.

"அந்தம்மா மேலதான் முதல் பாட்டு கட்டினேன். இருபது கண்ணி. பாத்திரம் தேய்க்கிறப்ப பாடுவேன். அவங்களுக்கு அர்த்தம் தெரியாது, ராகம் நல்லா இருக்குன்னு தலையாட்டுவாங்க."

"இதையும் எழுதட்டுமா?"

"எழுது. நடந்தது தானே."

அதன் பிறகு கப்பல் உடைந்ததற்கு ஒன்று, திமிங்கிலக் கூட்டம் வந்ததற்கு ஒன்று, மலையிலிருந்து விழுந்து பிழைத்த பசுவுக்கு ஒன்று என்று கட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். தீவுக்குத் தீவு மக்கள் அவற்றைப் பாடுகிறார்கள். யார் கட்டியது என்று பாதிப் பேருக்குத் தெரியாது. இருபத்தைந்து வயதில் கல்யாணம். ஏன் மிக்யால் என்று கேட்டேன். அது நீதிமன்றத்துக்குத் தேவையில்லை; நானாகத்தான் கேட்டேன்.

"விடிய விடியப் பாடினாலும் பல்லவிய விடாமப் பிடிக்கிற ஆளு அவர் ஒருத்தர்தான். மத்தவங்களுக்கு அறுபது கண்ணியில தொண்டை கட்டிடும்."

வரும் வழியில் ஆற்றில் காலை விட்டுவிட்டேன். செருப்பு நனைந்து விறைத்துவிட்டது.

மார்ச் 2

சாகரிஸ் வந்து தாள்களைப் பார்த்தார். "இங்க 'பூட்டினார்'னு இருக்கு. 'கொன்னார்'னு எழுது. அப்பத்தான் நீதிபதிக்குச் சூடு ஏறும். எழுதத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான், யாரு வந்து பாக்கப் போறா?"

"அவங்க சொன்ன சொல் 'பூட்டினார்'."

"நீ இருக்கற வீட்டுக்கு இந்த வருஷம் புதுக் கூரை போட்டுத் தரேன்."

"அவங்க சொன்னத எழுதச் சொல்லித்தான் உத்தரவு."

எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் தாள்களை மேசையில் போட்டார். கதவருகில் போய்த் திரும்பி, "அந்தச் சின்ன சாமான கடல்ல போட்டுட்டேல்ல?" என்றார்.

போட்டுவிட்டதாகச் சொன்னேன்.

மார்ச் 5

நாற்பத்தொன்றாவது கண்ணி.

ரெண்டு பேர் நின்னாங்க கொட்டகை வாசல்ல,
ஒருத்தர் பேசினார், ஒருத்தர் பேசல;
பேசின சொல்லுக்குப் பூட்டு தொங்குச்சு,
பேசாத வாயில படகு போச்சு.

பேசாதவர் யார் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

"நீதான். நான் ஓடி வரப்ப நீ அங்க நின்ன." எல்ஸ்பா நூலைப் பார்த்தபடியே சொன்னாள். "உன்னக் குத்தம் சொல்லல. அன்னிக்குப் பாதி ஊரு பேசல. நீ கதவுக்குப் பக்கத்துல நின்னதால பாட்டுல வந்துட்ட. அவ்வளவுதான்."

தாளில் பெரிய மசிக்கறை விழுந்தது. குளிரில் மசி கட்டிப்போய்விடுகிறது.

மார்ச் 6

உடம்பு சரியில்லை.

மார்ச் 11

பை கிழிந்திருக்கிறது, தைக்க வேண்டும் என்று மரின் என் சட்டையை வாங்கிக்கொண்டாள். கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சாவியை வைத்தாள்.

"கூரைப் பலகைய எடுத்து வைக்கறதுக்காக சாகரிஸ் உனக்குக் குடுத்த சாவிதானே இது?"

"ஆமா."

"அன்னிக்கு எங்க இருந்துச்சு?"

கஞ்சி ஆறிவிடும் என்றேன்.

"எங்க இருந்துச்சு ஹெய்னி?"

சொன்னேன். அன்று கொட்டகை வாசலில் சாகரிஸ் என் காதருகே குனிந்து, "அந்தப் பையில கை வைக்காத" என்று சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். நான் கையை வைக்கவில்லை. அவ்வளவு நேரமும் அது என் இடுப்பில் கனத்துக்கொண்டிருந்தது. எல்ஸ்பா கோடரியோடு ஓடி வந்தபோது நான் வழிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

மரின் அழவில்லை, திட்டவும் இல்லை. "பை கிழியல. சும்மா சொன்னேன்," என்றாள். "அஞ்சு மாசமா ஒரு பக்கமாவே நடக்குற. என்ன கனக்குதுன்னு பாத்தேன்." மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

மார்ச் 23

எழுபத்திரண்டும் முடிந்தன. மொழிபெயர்ப்பும் முடிந்தது. அருகருகே வைத்துப் பார்த்தால், டேனிஷ் பக்கம் சாமான் எடுத்த வீடு மாதிரி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அடித்தலும் திருத்தலும் இருந்தாலும் ஆள் நடமாட்டம் தெரிகிறது.

நிலத்தைப் பறித்துவிட்டால் எங்கே போவதாக இருக்கிறாய் என்று எல்ஸ்பாவைக் கேட்டேன்.

"தெரியல. பாட்டு இருக்கு. அதுக்கு யாரும் குத்தகை போட முடியாது."

ஏப்ரல் 7, ஞாயிறு. உயிர்த்தெழுதல் பண்டிகை

வாசித்தேன். குரல் சரியில்லை.

ஏப்ரல் 10

நேற்று வசந்த கால நீதி சபை. இரண்டு மணி நேரத் துடுப்பு. நீதிபதி மூக்குக்கண்ணாடி போட்ட டேனிஷ்காரர், குளிர் தாங்காமல் காலைக் கம்பளியில் சுற்றியிருந்தார். பக்கத்தில் ஆறு நடுவர்கள். சுற்றிலும் ஏழெட்டு ஊர்களின் ஆட்கள். மேசைமேல் சாகரிஸ் கொண்டுவந்த பூட்டு.

நீதிபதி என் தாள்களைப் புரட்டினார். "இந்தப் பேச்சை எழுத்தில் நான் கண்டதே இல்லை. வாசியுங்கள்."

வாசித்தேன். தேவாலயக் குரலில் வாசித்தேன். ஒவ்வொரு கண்ணியும் வாயிலிருந்து விழுந்து தரையில் கிடந்தது. பத்தாவதில் அவர் கையை உயர்த்தினார். "இதனால் ஒருவரின் பெயர் கெட்டது என்று நம்புவது கடினம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சாகரிஸ் எழுந்தார். "வாசித்தால் அப்படித்தான் இருக்கும், ஐயா. அவளைப் பாடச் சொல்லுங்கள். அப்போது தெரியும்."

எல்ஸ்பா தன் இடத்திலேயே நின்றாள். "தனியா பாடினா அது பாட்டு இல்ல. எனக்குக் கை வேணும்."

நான் மொழிபெயர்த்தேன். நீதிபதி சம்மதித்தார். அன்று கயிற்றில் பிழைத்த நான்கு பேரும் வந்து அவள் கையைப் பிடித்தார்கள். பிறகு ஓலவூரின் தங்கை. பிறகு நான் பெயரே அறியாத அடுத்த ஊர்க்காரர்கள். வட்டம் சுவரைத் தொட்டது. அவள் எடுத்துக் கொடுத்தாள்.

ஐம்பதாவது கண்ணியில் நீதிபதியின் மசிப்புட்டி மேசையில் துள்ளிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கண் மட்டும் எல்ஸ்பாவை விட்டு அகலவில்லை. கடைசிப் பல்லவி முடிந்ததும் நடுவர்களில் இருவர் கண்ணைத் துடைப்பதைப் பார்த்தேன்.

பிறகு சாட்சி விசாரணை. ஒரே சாவிதான் என்றார் சாகரிஸ். அது தன்னிடம் அக்கரையில் இருந்தது என்றான் வேலையாள். அவன் சொன்னது உண்மைதான். நீதிபதி பேனாவை எடுத்தார்.

"பாடல் வலிமையானது. அதனாலேயே பொறுப்பும் கூடுகிறது. சாவி ஊரிலேயே இருந்தது என்று ஒருவர்மீது பழி சுமத்தினால் அதற்குச் சான்று வேண்டும். இங்கே சான்று எதுவும்…"

எழுந்தேன். எழுந்த பிறகுதான் எழுந்தது தெரிந்தது.

"ஐயா, ரெண்டாவது சாவி ஒண்ணு இருக்கு."

டேனிஷில் சொல்லும்படி கேட்டார். பன்னிரண்டு வருடம் டேனிஷ் வாசித்தவன் நான். ஒரு சொல்கூட வரவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த நடுவர் மொழிபெயர்த்தார். நான் நடந்துபோய்ச் சாவியை மேசையில் வைத்தேன்.

சாகரிஸ், "அது தேவாலயத்துச் சாவி," என்றார்.

நீதிபதி பூட்டைத் தன் பக்கம் இழுத்து, சாவியை அவரே நுழைத்தார். கோடரி வெட்டு விழுந்த பூட்டு, கொஞ்சம் சிக்கியது. பிறகு திரும்பியது. அந்தச் சின்னச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"அக்டோபர் இரண்டாம் தேதி இது எங்கே இருந்தது?"

"என் சட்டைப் பையில."

"நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"கொட்டகை வாசல்ல."

"ஏன் திறக்கவில்லை?"

"அவர் வேணாம்னு சொன்னார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான், ஐயா."

எல்ஸ்பாவின் பக்கம் என்னால் திரும்ப முடியவில்லை.

நடுவர்கள் வெளியே போய் உடனே வந்துவிட்டார்கள். இரண்டு புகார்களும் தள்ளுபடி. பாட்டு சொன்னது உண்மை. கதவை உடைத்தது உயிர் காக்க. நிலம் எல்ஸ்பாவுக்கே. சாகரிஸ் இனித் தேவாலய மேற்பார்வையாளர் இல்லை. கயிறு இனிப் பூட்டில்லாத இடத்தில், எல்லாருக்கும் எட்டும்படி தொங்க வேண்டும். என்னைப் பார்த்து நீதிபதி சொன்னார்: "உங்கள் செயலுக்குச் சட்டத்தில் தண்டனை எழுதப்படவில்லை. அதை எண்ணி மகிழ வேண்டாம்." பிறகு தாள்களை ஒழுங்காக அடுக்கி, நீதிமன்றத்துக்கு ஒன்று, தனக்கென்று ஒன்று, இரண்டு நல்ல பிரதி எழுதித் தரச் சொன்னார்.

வெளியே புல்வெளியில் மறுபடி வட்டம் கட்டிவிட்டார்கள். நல்ல வெயில். நான்கு பேரும் எல்ஸ்பாவைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவள் அதட்டிக் கீழே இறங்கி, பாட்டை எடுத்தாள். ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டது அன்றுதான். "இது எல்ஸ்பா கட்டினது, இது எல்ஸ்பா கட்டினது."

படகுக்கு வரும்போது அவள் என்னைக் கடந்து போனாள். பார்க்கவில்லை.

ஏப்ரல் 11

வீட்டைக் காலி செய்யச் சொல்லி சாகரிஸிடமிருந்து ஆள் வந்தது. மரின் ஏற்கெனவே பானைகளைக் கட்டி வைத்திருந்தாள்.

"எப்பக் கட்டின?"

"நீ எந்திரிச்சுப் பேசுவேன்னு எனக்குத் தோணின அன்னிக்கு. ரெண்டு வாரம் ஆச்சு."

மே 1

மரினின் தம்பி வீட்டில் கம்பளி அறையில் இருக்கிறோம். சிலர் என்னோடு பேசுவதில்லை. ஓலவூரின் தங்கை வழியில் என்னைப் பார்த்தால் திரும்பிக்கொள்கிறாள். ஆனாலும் வாசகன் வேலையிலிருந்து என்னை நீக்க வேண்டாம் என்று போதகரிடம் சொன்னவளும் அவள்தான் என்று மரின் கேள்விப்பட்டாள். கன்று புல் மேய ஆரம்பித்துவிட்டது.

எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் வருகிறது.

மே 19

உருளைக்கிழங்கு நட்டோம். கடற்பாசி உரம் பதினான்கு கூடை.

ஜூன் 3

நிலம் கொத்திக்கொண்டிருந்தேன். எல்ஸ்பா ஆற்றைத் தாண்டி வந்தாள். எட்டு வாரத்துக்குப் பிறகு முதல் சொல்: "எழுது."

"என்னத்த?"

"எழுபத்து மூணாவது கண்ணி."

மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் காகிதம் எடுத்து வந்தேன். கல்மேல் உட்கார்ந்தாள்.

"'ஒருத்தர் பேசல'ன்னு விட்டா அது யாரா வேணா இருக்கலாம். உன் பேர் வரணும்."

"வரட்டும்."

"சாகரிஸ் பேர் எப்படி வந்துச்சோ அப்படியே வரும். நூறு வருஷம் பாடுவாங்க. உன் பேரப் பிள்ளைங்க காதுல விழும்."

"விழட்டும் எல்ஸ்பா."

அவள் கடலைப் பார்த்தாள். "மன்னிச்சிட்டேன்னு நினைக்காத. இப்பவும் மிக்யால் இல்லாத வீட்டுக்குத்தான் திரும்பிப் போறேன். ஆனா நடந்தத நடந்தபடி பாடணும். நீ நின்னதும் நடந்தது. நீ எந்திரிச்சதும் நடந்தது. ஒண்ண விட்டா பாட்டு நொண்டும்."

நான்கு வரி சொன்னாள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். வாசித்துக் காட்டினேன். தலையசைத்தாள். இங்கே அதைப் பெயர்த்து எழுத இன்று கை வரவில்லை.

போகும்போது திரும்பிப் பார்த்து, "அந்தப் பசுப் பாட்டையும் எழுதிடலாம். திமிங்கிலப் பாட்டையும்," என்றாள். "புல் அறுப்பு முடியட்டும். கேட்டுக் கத்துக்கிட்டது வேற எண்பது இருக்கு. எனக்கும் எழுத்து சொல்லிக் குடு. நீ தப்பா எழுதுறியான்னு நானே பாத்துக்கறேன்."

ஜூலை 14

பசுப் பாட்டு முடிந்தது. எல்ஸ்பா தன் பெயரை எழுதினாள். ஒரு எழுத்து தலைகீழ். திருத்த விடவில்லை.

ஜூலை 30, தோர்ஷாவன்

நேற்று ஓலாவ் திருவிழா. எல்லாத் தீவுகளிலிருந்தும் படகுகள். துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. மரினுக்கு ஊசியும் நூலும் வாங்கினேன்.

மதியத்துக்கு மேல் துறைமுகத்துப் பாறையில் ஆட்டம் தொடங்கியது. எல்ஸ்பா நடுவில் இருந்தாள். பத்துப் பேரில் ஆரம்பித்த வட்டம் ஐம்பதாகி, நூறாகி, இடமில்லாமல் மடிந்து பாம்பு மாதிரி வளைந்து சுற்றியது. ஒவ்வொரு தீவும் தன் உச்சரிப்பில் பாடியது. பதினைந்து வயதில் இதே நகரத்தில் சொந்தப் பேச்சைப் பேசியதற்காகப் பட்டினி கிடந்தவள், இப்போது முன்னூறு பேருக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாடி சன்னல்களில் டேனிஷ்காரர்கள் நின்று பார்த்தார்கள். சில சன்னல்களில் அவர்களும் பல்லவியை முயன்றார்கள்.

நான் சுவரோரமாக நின்றேன். மூச்சு வாங்க வெளியே வந்த தென் தீவுப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் நின்றாள். முகமெல்லாம் வியர்வை.

"நீங்க எந்த ஊரு?"

"கிராவிக்."

"பாட்டு நடந்த ஊரா? அப்ப அந்த ஹெய்னிய உங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான்."

தொப்பியிலிருந்து செருப்பு வரை பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள்.

"குரல் இருக்கா?"

"இருக்கு."

"பின்ன ஏன் இங்க நிக்கிறீங்க?" என்று கையை நீட்டினாள்.

நுழைந்தேன். இடக்கையை அவள் பிடித்திருந்தாள். வலக்கையை யார் பிடித்தது என்று திரும்பிப் பார்த்தேன். ஓலவூரின் தங்கை. அவள் நேராக முன்னால் பார்த்தபடி ஆடினாள். கையை விடவில்லை. எழுபத்தொன்று போயிற்று, எழுபத்திரண்டு போயிற்று. எல்ஸ்பா தலையை நிமிர்த்தி எடுத்தாள். முன்னூறு பேரும் பிடித்தார்கள்:

சாவி கிடந்துச்சு ஹெய்னி சட்டைப் பையில,
சபைநடு வச்சான் சாட்சிக்கு வந்து;
அன்னிக்கு வராத அந்த ஒரு சொல்லு
ஆறு மாசம் ஆச்சு, ஆனாலும் வந்துச்சு.

அதன்பின் பல்லவி. பாறை அதிர்ந்தது. அதில் என் குரல் எனக்கே கேட்டது.